நாலு விரல் அகலம்

கல்யாணப் படம் எடுக்க வருவதற்கு முன் பத்து வருடம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்த ஒருவரும் சிரித்ததில்லை. சிரித்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பின்னால் வெள்ளைத் துணி, முகத்தில் நிழல் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். நான் எடுத்த படங்களில் எல்லோரும் ஏதோ செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். ஆனால் ஒருவர் முகமும் மங்கியது கிடையாது.

முப்பத்து நாலு வயதில் அந்த ஸ்டுடியோவை விட்டு வந்தேன். சிரிக்கிறவர்களைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான், பெரிய லட்சியம் எல்லாம் ஒன்றுமில்லை.

முதல் கல்யாணத்தில் ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தேன். வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும் என்று படித்திருந்தேன். கூரை கறுப்புச் சாயம் அடித்த கூரை என்பதை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது அத்தனை வெளிச்சத்தையும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. இரண்டாவது கல்யாணத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். எஞ்சிய படங்களில் பாதியில் உறவினர்களின் கைகளும் போன்களும்தான் இருந்தன. போதாக்குறைக்கு, கல்யாணப் பெண்ணின் சித்தி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, லைசென்ஸ் போட்டோ மாதிரி" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்றாவது கல்யாணத்துக்குள் திருந்திவிடுவது என்று முடிவு செய்தேன். கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு கேமரா. அப்படியென்றால் லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டு மெமரி கார்டிலும் பதியும்படி மாற்றி வைத்தேன். கூரையை முதல் நாளே போய்ப் பார்த்தேன். முக்கியமான நேரத்தில் எல்லோரையும் போனைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நல்ல லென்ஸ். வாங்க வழியில்லை, வாடகைக்கு எடுத்தேன்.

வாடகைக் கடைக்காரர் அந்த லென்ஸைக் கைக்குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் தந்தார். "இதை மாட்டிட்டு முழுசாத் திறந்து எடுங்கக்கா. பின்னாடி இருக்கிற சுவரு, ஒயரு, பக்கெட்டு எல்லாம் காணாமப் போயிடும். பொண்ணு மட்டும் தனியா நிக்கும்."

லென்ஸுக்குள் கண்மணி மாதிரி ஒரு துவாரம் இருக்கிறது. அதை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோமோ, தெளிவாக விழும் இடம் அவ்வளவு ஒல்லியாகிக்கொண்டே போகும். இந்த லென்ஸை முழுதாகத் திறந்து, மூன்று எட்டு வைக்கும் தூரத்தில் நிற்கும் ஒருவரை எடுத்தால் தெளிவாக இருப்பது நாலு விரல் அகலம்தான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் நான் பழகியது என் கணவர் ஒருவரை வைத்துத்தான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வந்த களைப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாரம் எனக்கு முகத்தைக் கொடுத்தார். படங்கள் அவ்வளவு அழகாக வந்தன. தலைகால் புரியவில்லை எனக்கு. பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணப் பெண் மருந்துக் கடையில் வேலை செய்பவள். பேசி முடிக்க வீட்டுக்கு வந்தவள் ஆல்பத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அப்பா இருக்கணும். மத்தது எப்படி வந்தாலும் பரவாயில்ல."

அப்பாவுக்கு நுரையீரலில் நோய். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா இவள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பாவும் மகளும்தான் வீடு. இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்று இருக்கிறதாம், அதில் இவளுக்குப் பத்து வயது. "அதுக்கப்புறம் நாங்க எடுத்துக்கவே இல்லக்கா. யாரு எடுக்கிறது? ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர்தானே படத்துல இருக்க முடியும்" என்றாள். நான் நோட்டில் 'அப்பா' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கல்யாணத்தன்று காலையில் அவரைப் பார்த்தேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில், சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. மகள் அந்தப் பக்கம் போனதும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தக் குழாயோட ஒரு படம்கூட வேணாம்."

"சரிங்கய்யா."

"நான் நிக்கும்போது கழட்டிடுவேன். ஒரு நிமிஷம் தாங்கும். நாற்காலியை ரெண்டு தட்டுத் தட்டுறேன், அப்ப எடு. மூணு தடவை, நாலு தடவை தட்டுவேன். அதுக்கு மேல வண்டி ஓடாது."

"போதும்யா. ஒரு நிமிஷத்துல நிறைய எடுத்துடலாம்."

"என்னோட வேலை பார்த்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன், பொண்ணு கல்யாணத்துல உட்கார மாட்டேன், நிப்பேன்னு. நான் போனப்புறம் அந்தப் படத்தைத்தான் முன்னாடி வைக்கணும். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். அழுதா. அழட்டும், வேற என்ன பண்றது."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலு தடவை தட்டினார். ஒவ்வொரு தடவையும் மகளின் தோளுக்கு அரை எட்டுப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் வந்தால் பிடிமானம் இருக்காது. முதல் தட்டுக்கே நான் திரும்பி, "எல்லாரும் போனைக் கீழ வச்சிடுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாக வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையே தன் தம்பியின் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் போன கல்யாணத்தில் கற்ற பாடம் அது. நன்றாகவே பலித்தது.

என் கேமரா கண்ணைத் தேடிப் பிடிக்கும். இரண்டு முகம் இருந்தால் கிட்டத்தில் இருக்கும் கண்ணைப் பிடிக்கும். பெண்ணின் கண்ணில் அந்தச் சின்னச் சதுரம் போய் உட்கார்ந்ததும் நான் அழுத்தினேன். இடுப்பில் தொங்கிய இரண்டாவது கேமராவை அந்த நிமிடங்களில் தொடவே இல்லை. பின்பக்கத் திரையில் படம் அப்படி ஒளிர்ந்தது. உள்ளங்கை அகலத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்க்க ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியை அவருடைய ஒரு நிமிடத்திலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நிமிடம் முடிந்து அவர் உட்கார்ந்ததும், மாப்பிள்ளை வீட்டார் யாராவது கூப்பிடுவார்கள். நான் அங்கே ஓடிவிடுவேன்.

மறுநாள் சாயங்காலம் படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து குனிந்தார்.

"பொண்ணு நல்லா விழுந்திருக்கு" என்றார். அப்புறம் திரையில் விரலை வைத்தார். "பின்னாடி நிக்கிறது யாரு?"

"அவங்க அப்பா."

"அப்படியா. எனக்கு யாருன்னு தெரியல."

படத்தைப் பெரிதாக்கினேன். பெண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவள் தோளுக்குப் பின்னால், முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரக் கையால் தேய்த்துவிட்ட மாதிரி ஒன்று இருந்தது. அடுத்த படம். அதற்கடுத்தது. எண்பத்தாறு படங்கள், நாலு நிமிடம். எண்பத்தாறிலும் அப்படியே. கடைக்காரர் சொன்னது சரிதான். சுவர், ஒயர், பக்கெட் எல்லாம் காணாமல் போயிருந்தன. அவரும் போயிருந்தார்.

பத்து வருடம் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான முகங்களை அட்சரம் பிசகாமல் எடுத்தவள் நான். துவாரத்தைக் கொஞ்சம் மூடியிருந்தால் போதும், இருவரும் விழுந்திருப்பார்கள். ஸ்டுடியோவில் அதைத் தூக்கத்தில்கூடச் செய்வேன். லைசென்ஸ் போட்டோ மாதிரி இருக்கக் கூடாது என்று வீம்பு பிடித்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அவர் தெளிவாக இருந்த படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. நான் எடுக்க நினைத்த படமில்லை அது. பெண் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவள் முகம் மறைந்திருக்கிறது. கேமரா அடுத்த கண்ணைத் தேடிப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த அவரைப் பிடித்திருக்கிறது. மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவளோடு சேர்ந்து அவரும் அந்தப் பெயரை எழுதுகிறார் என்று தோன்றும். மூக்கில் குழாய்.

"போன் பண்ணிச் சொல்லிடு" என்றார் என் கணவர். "அவரு இருக்காருல்ல. நாளைக்கே போயி, உன் பழைய லென்ஸை மாட்டி, அவங்க வீட்டு ஜன்னல்கிட்ட ரெண்டு பேரையும் நிக்க வச்சு இன்னொண்ணு எடு. கல்யாண நாள் இல்லதான். ஆனா அவரு நிப்பாரு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போனேன். மூன்றாவது கல்யாணத்திலேயே இப்படி என்று ஊர் பேசும், அதற்கு முன்னால் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாள் செய்து பார்த்தேன். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள் இருக்கிறது. அதில் அவர் முகத்தைக் கொடுத்தேன். அது யோசித்து யோசித்து ஒரு முகத்தைத் தந்தது. வரிசையான பற்கள், கூரான மூக்கு, நாற்பது வயதுக் கண்கள். அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன், வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். குழாய்ப் படத்தில் குழாயை அழித்தும் பார்த்தேன். குழாய் போன இடத்தில் கன்னத்தை அது நிரப்பியது. அவருக்கு அந்தக் கன்னம் இல்லை. அது போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் என் கணவர் எட்டிப் பார்த்தார். "யாரோ ஒருத்தர், நல்லாத்தான் இருக்காரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் கணினியை அணைத்தேன். நாளைக் காலையில் போவது என்று பழைய லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா விடியக்காலையில போயிட்டாரு."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் குரல் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துத் தரும் குரல் மாதிரி நிதானமாக இருந்தது.

"சாயங்காலம் எல்லாரும் வருவாங்க. முன்னாடி வைக்க ஒரு படம் வேணும். அவரு நின்னது. நீங்க நல்லா இருக்கிறதாப் பார்த்து ஒண்ணு கொண்டு வாங்க."

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். வீட்டுக்குள் இரண்டு மூன்று பேர் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் கணினியை வைத்துத் திறந்தேன்.

"ஒண்ணு சொல்லணும். அப்பா நின்ன படம் ஒண்ணுகூடத் தெளிவா வரல. தப்பு என்னோடது. லென்ஸை முழுசாத் திறந்து வச்சிட்டேன். நீ மட்டும்தான் விழுந்திருக்கே."

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். எண்பத்தாறையும் பார்த்தாள். நான் நடுவில் பேச வாயெடுத்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள். கடைசியில், "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"மறுநாளே."

"மறுநாளே." அவள் திரும்பிச் சொன்னாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. ஜன்னல்கிட்ட உட்கார்ந்து படம் வந்துச்சா, படம் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீங்க வந்திருந்தா எழுந்து நின்னிருப்பாரு."

மன்னிப்புக் கேட்டேன். அது அந்தச் சமையலறையில் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"போன்லயாவது யாராவது எடுத்திருப்பாங்க" என்றவள், தானே நிறுத்திக்கொண்டாள். யார் போனைக் கீழே வைக்கச் சொன்னது என்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் படத்தைக் காட்டினேன். குழாயோடு ஒரு படமும் வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னதையும், அதை மீறி இது விழுந்துவிட்டதையும் சொன்னேன். வேண்டாமென்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன்.

அவள் அந்தப் படத்தின் மேல் குனிந்தாள். அன்று முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். நான் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

"ரெண்டு வருஷமா இந்தக் குழாயை நான்தான் மாட்டி விடுறேன்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "காலையில ஒண்ணு, ராத்திரி மாத்தி ஒண்ணு. எனக்கு இதான் அப்பா. இதை எனக்குக் கொடுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன்."

"அப்ப முன்னாடி வைக்கிறதுக்கு? உன் பத்து வயசுப் படத்துல இருந்து அவரு முகத்தை மட்டும் பெருசு பண்ணித் தரட்டுமா? அது தெளிவா வரும்."

"வேணாம். அவரு கேட்டது நின்ன படம், குழாய் இல்லாத படம். அது உங்ககிட்ட இருக்கு." எண்பத்தாறில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அதில் அவர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருந்தார். "இதைப் பெருசா போட்டுக் கொண்டு வாங்க. நான் வேணாம், அவரை மட்டும் வெட்டி எடுங்க."

"பெருசாக்கினா இன்னும் மங்கும்மா. முகமே தெரியாது."

"தெரியுது" என்றாள்.

பழைய ஸ்டுடியோவில் போய் நானே அச்சடித்தேன். அங்கே வேலை செய்பவர்களிடம் கொடுத்தால், "இது அவுட் ஆஃப் ஃபோகஸ்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். நானாக இருந்தாலும் திருப்பித் தந்திருப்பேன். கையகலத்துக்கு அடித்தால் குறை அவ்வளவாகத் தெரியாது என்ற ஆசை கடைசி நிமிடத்திலும் வந்தது. அவள் கேட்ட அளவிலேயே அடித்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, சாயங்காலம் கொண்டுபோய், அவள் காட்டிய மேஜையில் அவர் உடலுக்குத் தலைமாட்டில் வைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அவள் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. சுவரோரம் நின்றுகொண்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் மொத்தமாக வந்தார்கள். பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக, சீருடையோடு. உடலைப் பார்த்தார்கள். படத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றார்கள். அந்த ஒரு நொடியில் ஒவ்வொருவர் நெற்றியும் சுருங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சாவு வீட்டில் கேட்க மாட்டார்கள். நகர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒரு வயதான ஓட்டுநர் வந்தார். படத்துக்கு முன்னால் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றார். குனிந்து பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தெரியவில்லை. திரும்பவும் கழற்றினார்.

அவர் பக்கத்தில் போனேன்.

"உங்க கண்ணாடியில ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றேன். "படம்தான் அப்படி. நான்தான் எடுத்தேன்."